ஆம்ஸ்டர்டாம் ஊர் இலச்சினையில் மூன்று பெருக்கல் குறி: யார் போட்டது, எதற்குப் போட்டது?

#1 சைக்கிள்காரன்

வணக்கம் மக்களே. வேலை மாறி ஆம்ஸ்டர்டாம் வந்து நாலு மாதம் ஆகிறது. வந்த முதல் வாரமே கண்ணில் பட்ட ஒரு விஷயம் இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. நடைபாதையில் கார் ஏறாமல் இருக்க இடுப்புயரத்துக்குக் குட்டி குட்டி இரும்புத் தூண்கள் நட்டிருக்கிறார்கள். செங்காவி நிறம். ஒவ்வொன்றிலும் மேலிருந்து கீழாக மூன்று பெருக்கல் குறி. ஊர்க்காரர்கள் அந்தத் தூணை 'ஆம்ஸ்டர்டாமர்ச்சே' என்கிறார்கள், குட்டி ஆம்ஸ்டர்டாம்காரன் என்று பொருளாம். அப்புறம் பார்த்தால் மாநகராட்சிக் கடிதம், கொடி, பாலம், குப்பை வண்டி என்று எங்கு திரும்பினாலும் அதே மூன்று.

கூட வேலை பார்ப்பவர் ஒருவரிடம் கேட்டேன். "வெள்ளம், தீ, கொள்ளைநோய். ஊரைப் பிடித்த மூன்று பீடைகள்" என்றார். படகுச் சவாரியில் ஒலிபெருக்கியிலும் அதையேதான் சொன்னார்கள். பனியன் விற்கும் கடைக்காரர் மட்டும் கண்ணடித்துவிட்டு இன்னொரு விளக்கம் சொன்னார். அதை இங்கே எழுதினால் மட்டுறுத்துனர் என்னைத் தூக்கிவிடுவார்.

உண்மைக் கதை யாருக்காவது தெரியுமா?

#2 வம்பு வாசு

கணக்கு வாத்தியார் திருத்திய ஊர் போல. மூன்று கணக்கும் தப்பு.

#3 உட்ரெக்ட்வாசி

வாசு, ஆரம்பித்துவிட்டீர்களா!

சைக்கிள்காரன், அது பெருக்கல் குறி இல்லை, சிலுவை. இயேசுவின் சீடர் அந்திரேயாவைச் சாய்ந்த சிலுவையில் அறைந்தார்கள் என்பது ஐதீகம். அதனால் இந்த வடிவத்துக்கு அந்திரேயா சிலுவை என்று பெயர். ஸ்காட்லாந்துக் கொடியில் இருப்பதும் இதே சிலுவைதான். ஆம்ஸ்டர்டாமின் கேடயம் சிவப்பு. நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கறுப்புப் பட்டை. அந்தப் பட்டைக்குள் வெள்ளியில் மூன்று சிலுவைகள், ஒன்றின் கீழ் ஒன்றாக. கேடயத்துக்கு மேலே ஒரு பேரரச மகுடம், இரண்டு பக்கமும் பொன் சிங்கம், கீழே ஒரு வாசகம். சிலுவை, மகுடம், சிங்கம், வாசகம் நான்கும் வெவ்வேறு காலத்தில் வந்து ஒட்டிக்கொண்டவை.

மூன்று ஆபத்துக் கதையை நான் நம்புவதில்லை. ஊர் எரிந்தது உண்மை. 1421இலும் 1452இலும் பெரிய தீ. இரண்டாவதில் ஊரில் பெரும்பகுதி சாம்பல். வெள்ளமும் பிளேக்கும் அந்தக் காலத்தில் எந்த ஊரைத்தான் விட்டுவைத்தன? ஆனால் பக்கத்து ஊர் ஆம்ஸ்டெல்வேன் இருக்கிறதே, உங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் முக்கால் மணி நேரம், அந்த ஊர்க் கேடயத்தில் இதே சிலுவைகள் நான்கு. அவர்களுக்கு மட்டும் நான்காவதாக ஓர் ஆபத்து எங்கிருந்து வந்தது? அவுடர்-ஆம்ஸ்டெல் ஊருக்கும் அதே வகைச் சிலுவைகள் உண்டு. தெற்கே வெகுதூரம் தள்ளி இருக்கும் ப்ரேடாவுக்கும் சிவப்பில் மூன்று வெள்ளைச் சிலுவைகள்.

ஆபத்தை எண்ணிக் கேடயத்தில் போடும் வழக்கம் அன்று கிடையாது. கேடயம் என்பது அடிப்படையில் 'இது இன்னாருடையது' என்று சொல்லும் அடையாளம். மாட்டுக்குச் சூடு போடுவது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஆகவே வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலோர் சொல்வது பெர்சைன் குடும்பத்தைத்தான். யான் பெர்சைன் என்ற வீரர் 1280 முதல் 1282 வரை ஆம்ஸ்டர்டாமின் பிரபுவாக இருந்தார். அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவர்கள் குடும்பத்துக்கு நிலம் இருந்தது. அவர்களுடைய சிலுவை ஊர்களின் கேடயங்களில் தங்கிவிட்டது என்பதுதான் விளக்கம்.

#4 சைக்கிள்காரன்

நாலாவது ஆபத்து ஆம்ஸ்டர்டாமிலிருந்து வீடு தேடி வருகிறவர்களாகத்தான் இருக்கும். (நானும் அங்கே வீடு தேடினேன்.)

#5 ஏன்சாமி

எனக்கு இரண்டு இடத்தில் இடிக்கிறது.

ஒன்று, பெர்சைன் இருந்ததே இரண்டு வருஷம். ரெண்டு வருஷம் குத்தகைக்கு இருந்தவர் பெயர்ப் பலகையை எழுநூறு வருஷம் யாராவது வாசலில் மாட்டி வைத்திருப்பார்களா?

இரண்டு, கேடயச் சின்னங்களில் நிறத்துக்கு நிறம் போடக் கூடாது என்று ஒரு விதி உண்டென்று படித்திருக்கிறேன். பொன், வெள்ளி இரண்டும் 'உலோகம்'. சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை எல்லாம் 'நிறம்'. உலோகத்தின் மேல் நிறம் வரலாம், நிறத்தின் மேல் உலோகம் வரலாம். நிறத்தின் மேல் நிறம் வந்தால் போர்க்களத்தில் தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்குப் பிடிபடாது. ஆம்ஸ்டர்டாமில் சிவப்பின் மேல் கறுப்புப் பட்டை. இது விதிமீறல் இல்லையா?

#6 உட்ரெக்ட்வாசி

இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன். விதிமீறல்தான், சந்தேகமே இல்லை. இதை நான் இப்படிப் பார்க்கிறேன் (என் ஊகம், எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை): ஊர்ச் சின்னங்கள் பெரும்பாலும் பிறந்தது போர்க்களத்தில் இல்லை, மெழுகில். பத்திரத்தின் அடியில் தொங்கும் மெழுகு முத்திரைக்கு ஏது நிறம்? பட்டையும் சிலுவையும் மேடு பள்ளமாகத் தெரிந்தால் போதும். வண்ணம் தீட்ட உட்காரும்போதுதான் தகராறு வரும். அதற்குள் வடிவம் கெட்டிப்பட்டிருக்கும்.

கறுப்புப் பட்டை ஆம்ஸ்டெல் ஆற்றைக் குறிக்கிறது என்றும் சொல்வார்கள். கேட்க அழகாக இருக்கிறது. மூன்று ஆபத்துக் கதையும் கேட்க அழகாகத்தான் இருந்தது.

முதல் கேள்வி நியாயமானது. பெர்சைன் விளக்கம் கல்வெட்டு மாதிரி உறுதியானது இல்லை, இருப்பதில் பொருந்துவது. அதற்கு வலு கொடுப்பது பக்கத்து ஊர்க் கேடயங்கள்தான், அந்த இரண்டு வருஷ ஆட்சி இல்லை. இதில் யாரும் கவனிக்காத ஒன்று, சிலுவை மட்டும் இந்த ஊரின் அடையாளமாக இருந்ததில்லை என்பது. அதன் பழைய முத்திரையில் இருந்தது கப்பல். கோக் என்ற வகை: வயிறு பெருத்த, ஒற்றைப் பாய்மரச் சரக்குக் கப்பல். கப்பலில் இரண்டு ஆட்கள், ஒரு நாய். மீன்பிடிக்கிறவனும் போர்வீரனும் புயலில் கரை ஒதுங்கினார்கள், நாய் இறங்கிய இடத்தில் ஊர் பிறந்தது என்று இதற்கும் ஒரு கதை கட்டியிருக்கிறார்கள்.

அந்தக் கப்பல் எங்கும் போய்விடவில்லை. டாம் சதுக்கத்தில் அரண்மனை இருக்கிறதல்லவா, 1655இல் நகர மன்றமாகத் திறந்தது. அதன் குவிமாட உச்சியில் காற்றுத்திசை காட்டியாக நிற்பது அந்தக் கோக் கப்பல்தான். கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்க வேண்டும். கீழே புறாவுக்குத் தீனி போடுகிற கூட்டத்தில் ஒருவரும் பார்ப்பதில்லை.

#7 மீன்கொத்தி

இந்த இழையில் மகுடத்தைப் பற்றி யாருமே பேசவில்லையே! இதில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதியே அதுதான். கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1488 தொடக்கத்தில் ஹாப்ஸ்பர்க் இளவல் மாக்சிமிலியன் ப்ரூஜ் நகருக்குப் போனார். ஜெர்மானிய அரசராகத் தேர்வானவர், நெதர்லாந்துப் பகுதிகளை மகன் சார்பில் ஆள்கிறவர். வரிக்கொடுமையால் கொதித்துப்போயிருந்த ப்ரூஜ்காரர்கள் அவரைப் பிடித்து அடைத்து வைத்துவிட்டார்கள். சில வாரம் இல்லை, மாதக் கணக்கில். மே மாதம்தான் விட்டார்கள். அதே வருஷக் கடைசியில் ஹாலந்தில் அவருடைய எதிர்க்கட்சி ரோட்டர்டாமைப் பிடித்துக்கொண்டது. 'தூண்டில்' கட்சி, 'காட் மீன்' கட்சி என்று இரண்டு கட்சிகள் அங்கே நூறு வருஷத்துக்கு மேல் அடித்துக்கொண்டிருந்தன. (நான் கேலி செய்யவில்லை, உண்மையான கட்சிப் பெயர்களே அவைதான்.) ஆம்ஸ்டர்டாம் வியாபாரிகள் காட் மீன் பக்கம், அதாவது மாக்சிமிலியன் பக்கம். ஆளும் கொடுத்தார்கள், பணமும் கொடுத்தார்கள்.

1489 பிப்ரவரியில் மாக்சிமிலியன் நன்றிக்கடன் தீர்த்தார். வாங்கிய கடனைத் தீர்த்தாரா என்று கேட்காதீர்கள். ஊர்க் கேடயத்துக்கு மேல் தன் மகுடத்தை வைத்துக்கொள்ள அனுமதி கொடுத்தார். காசு செலவில்லாத பரிசு. ஆனால் தூரத்துத் துறைமுகத்தில் சரக்கு விற்கப் போகிற வியாபாரிக்கு அந்த மகுடம் என்ன மாதிரிக் கடவுச்சீட்டு, யோசித்துப் பாருங்கள். பால்டிக் கரையில் எவனோ ஒருவன் ஆம்ஸ்டர்டாம் முத்திரையைப் பார்த்ததும் 'ஓ, அரசருடைய ஆள்' என்று ஒரு படி இறங்கித்தானே பேசுவான்.

பக்திக் கதை ஒன்றும் இருக்கிறது. 1345இல் இங்கே நடந்ததாகச் சொல்லப்படும் நற்கருணை அற்புதம்: நெருப்பில் விழுந்த அப்பம் எரியாமல் இருந்தது என்று. அந்த இடத்துக்கு யாத்திரை வந்த மாக்சிமிலியனுக்கு நோய் தீர்ந்தது, அதற்காகத்தான் மகுடம் கொடுத்தார் என்பார்கள். நான் கடன் பத்திரக் கட்சி. இன்னொருவர் அற்புதக் கட்சியாக இருந்தாலும் சண்டை இல்லை.

இப்போது வேடிக்கைக்கு வருகிறேன். 1578இல் ஆம்ஸ்டர்டாம் கட்சி மாறியது. கத்தோலிக்க நகர ஆட்சியாளர்களைப் படகில் ஏற்றி ஊரைவிட்டு வெளியே அனுப்பிவிட்டுப் புராட்டஸ்டண்டுகள் கையில் நிர்வாகம் வந்தது. யாரை எதிர்த்துக் கலகம்? மாக்சிமிலியனின் கொள்ளுப்பேரன், ஸ்பெயின் அரசர் இரண்டாம் பிலிப்பை எதிர்த்து. எண்பது வருஷம் அந்தக் குடும்பத்தோடு போர். அரசனே வேண்டாம் என்று குடியரசு வேறு. ஆனால் மகுடத்தை மட்டும் எடுக்கவில்லை! எடுக்காதது மட்டுமா, 1638இல் கட்டி முடித்த வெஸ்டர்கெர்க் கோபுர உச்சியில் பெரிதாகத் தூக்கி வைத்தார்கள். புராட்டஸ்டண்டு தேவாலயத்தின் தலையில் கத்தோலிக்கப் பேரரசரின் கிரீடம். 2006இல் கோபுரத்தைப் புதுப்பித்தபோது அதற்கு நீல வண்ணம் அடித்தார்கள். பிரின்சன்கிராக்ட் கால்வாய்ப் பாலத்தில் நின்று பார்த்தால் மேகத்துக்கு நடுவில் பளிச்சென்று தெரியும்.

மாமனாரோடு சண்டை, பேச்சுவார்த்தை கிடையாது, ஆனால் அவர் போட்ட மோதிரத்தை மட்டும் கழற்ற மாட்டேன் என்கிற மாப்பிள்ளை மாதிரி.

#8 ஏன்சாமி

மாப்பிள்ளை உவமை அருமை. ஒரு சின்னத் திருத்தம்: 1489இல் மாக்சிமிலியன் இன்னும் பேரரசர் ஆகவில்லை. 1508இல்தான் அந்தப் பட்டம். அப்படியானால் பேரரச மகுடத்தை எப்படிக் கொடுத்திருக்க முடியும்?

#9 மீன்கொத்தி

சரிதான். முதலில் கொடுத்தது அரச மகுடம். அவர் பேரரசர் ஆனதும் ஊரும் கூடவே பதவி உயர்வு எடுத்துக்கொண்டது! இன்னொரு கூத்து பாக்கி இருக்கிறது. இன்று இலச்சினையில் வரைகிற மகுடத்தின் வடிவம் பின்னால் வந்த பேரரசர் இரண்டாம் ருடால்ஃபுக்காக 1602இல் ப்ராகில் செய்தது. இப்போது வியன்னா கருவூலத்தில் இருக்கிறது. மாக்சிமிலியன் இறந்தது 1519. அவர் கொடுத்ததாகச் சொல்லும் மகுடம் அவர் செத்து 83 வருஷம் கழித்துத்தான் தயாரானது.

#10 சல்லிக்காசு

எல்லோருக்கும் வணக்கம். எங்கட அப்பப்பா வைத்திருந்த ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) காசு ஒன்று என்னிடம் இருக்கிறது. செம்பு, நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு, ஓரம் தேய்ந்துபோனது. ஒரு பக்கம் 'வி' எழுத்தின் இரண்டு கால்களிலும் 'ஓ'வும் 'சி'யும் பின்னிக்கிடக்கும் கொம்பனி (டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி) முத்திரை, கீழே 1700க்கள் வருஷம், கடைசி இரண்டு எண்ணும் தெரியவில்லை. மறுபக்கம் கேடயம், மேலே மகுடம், உள்ளே எழுந்து நிற்கிற சிங்கம். கொம்பனிக்குத் தலைமையிடம் ஆம்ஸ்டர்டாம்தானே. இது ஆம்ஸ்டர்டாம் சின்னத்தில் இருக்கிற சிங்கமா?

#11 உட்ரெக்ட்வாசி

இல்லைங்க. ஆனால் நல்ல கேள்வி.

அந்தச் செம்புக் காசு டாய்ட். அதை அடிக்கும் உரிமை நகரங்களுக்கு இல்லை, மாகாணங்களுக்குத்தான் இருந்தது. அதனால் மறுபக்கத்தில் மாகாணக் கேடயம் வரும். சிங்கம் முழுதாக நின்றால் ஹாலந்து மாகாணம். இடுப்புக்குக் கீழே அலையாக இருந்து, தண்ணீரிலிருந்து எழுவது மாதிரி இருந்தால் சேலாந்து. பூதக்கண்ணாடி வைத்து அடிப்பகுதியைப் பாருங்கள். ஆம்ஸ்டர்டாமின் சிங்கங்கள் கேடயத்துக்கு உள்ளே இல்லை, வெளியே இரண்டு பக்கமும் தாங்கிப் பிடிப்பவை. அவை 16ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தவை.

கொம்பனிக்கு ஆறு கிளை மன்றங்கள்: ஆம்ஸ்டர்டாம், மிடல்பர்க், டெல்ஃப்ட், ரோட்டர்டாம், ஹோர்ன், எங்க்ஹவுசன். ஆம்ஸ்டர்டாமின் பங்கு ஏறக்குறைய பாதி. அந்த மன்றத்துப் பொருள்களில் கொம்பனி முத்திரைக்கு மேல் ஆங்கில 'ஏ' எழுத்து இருக்கும். பீரங்கியில், கொடியில் எல்லாம் பார்க்கலாம். மூன்று சிலுவை இல்லை, ஒற்றை எழுத்துதான்.

#12 சல்லிக்காசு

பார்த்தேன். அலை இருக்கிறது! கோடு கோடாக மூன்று. அப்ப இது சேலாந்து. இத்தனை வருஷமாக அதைத் தேய்மானம் என்று நினைத்திருந்தேன்.

இலங்கையில் காலி நகரக் கோட்டைக்குப் போனவர்கள் பழைய வாசலின் உட்புறத்தைப் பார்த்திருப்பீர்கள். 1669 என்று போட்டு, கொம்பனி முத்திரையை இரண்டு சிங்கங்கள் பிடித்துக்கொண்டிருக்கும், உச்சியில் ஒரு சேவல். காலி என்ற பெயரைப் போர்த்துக்கீசர் தங்கள் மொழியில் சேவலுக்குச் சொல்லும் 'காலோ'வோடு சேர்த்துக் குழப்பியதில் வந்த சேவல் என்பார்கள். வெளிப்பக்கம் பின்னால் வந்த ஆங்கிலேயன் தன் சின்னத்தை வைத்துவிட்டுப் போனான். ஒரே சுவர், இரண்டு முதலாளி.

#13 வம்பு வாசு

அப்போ ஆம்ஸ்டர்டாமுக்குப் பெருக்கல், காலிக்குச் சேவல். என் ஊருக்கு ஒரு தண்ணீர் லாரி போட்டுவிடலாம். மூன்று ஆபத்தில் ஒன்றாவது பொருந்தும்.

#14 கரையோரக்காரி

இவ்வளவு பேசிவிட்டுக் கேடயத்துக்குக் கீழே இருக்கும் நாடாவை விட்டுவிட்டீர்களே. அதில் மூன்று சொற்கள்: வீரம், உறுதி, இரக்கம். (டச்சு மொழியில் அவை பெயரடைகள்: வீரமுள்ள, உறுதியான, இரக்கமுள்ள.) சிலுவைக்கு மூன்று அர்த்தம் தேடுகிற சுற்றுலாப் பயணிகள் இந்த மூன்றையும் சிலுவைகளோடு முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள். சம்பந்தமே இல்லை. இது 1947 மார்ச்சில் அரசி வில்ஹெல்மினா கொடுத்தது.

காரணம் 1941 பிப்ரவரி. 22, 23 தேதிகளில் நாஜிகள் யூதர் குடியிருப்பில் புகுந்து நானூறுக்கு மேற்பட்ட இளைஞர்களைப் பிடித்து யோனாஸ் டானியேல் மெய்யர் சதுக்கத்தில் குந்த வைத்தார்கள். பிறகு புக்கன்வால்டு, மவுட்ஹவுசன் வதைமுகாம்களுக்கு அனுப்பினார்கள். திரும்பியவர்களை விரல்விட்டு எண்ணலாம். 24 மாலை நோர்டர்மார்க்ட் சந்தையில் ஒரு கூட்டம். தடைசெய்யப்பட்டிருந்த கம்யூனிஸ்ட் கட்சிக்காரர்கள் கூட்டியது. மறுநாள் காலை டிராம் வெளியே வரவில்லை.

இதுதான் எனக்கு எப்போதும் மனசில் நிற்பது. டிராம் வராததால்தான் ஊருக்கே விஷயம் தெரிந்தது. வேலைக்குப் போக நிறுத்தத்தில் நின்றவர்கள் 'ஏன் வரவில்லை' என்று கேட்டுக் கேட்டே செய்தி பரவியது. கப்பல்துறை, தொழிற்சாலை, கடை என்று ஒவ்வொன்றாக நின்றது. பக்கத்து ஊர்களுக்கும் பரவியது. இரண்டே நாளில் துப்பாக்கியால் அடக்கிவிட்டார்கள், சுட்டுக் கொன்றார்கள். யூதர்கள் அல்லாதவர்கள் யூதர்களுக்காகத் தெருவில் இறங்கிய வேலைநிறுத்தம் என்பதால் இன்றும் பேசுகிறார்கள். அதே மெய்யர் சதுக்கத்தில் துறைமுகத் தொழிலாளி சிலை இருக்கிறது, 1952இல் வைத்தது. மாரி ஆந்திரீசன் செய்தது. பருத்த ஆள், சட்டைக் கையை மடித்துவிட்டு, இரண்டு கையிலும் எதுவும் இல்லாமல் நிற்பான்.

#15 ஏன்சாமி

வேலைநிறுத்தத்தின் பெருமையில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்த மூன்றாவது சொல்லில்தான் சந்தேகம்.

முகாமிலிருந்து உயிரோடு திரும்பிய யூதர்களிடம் இதே மாநகராட்சி என்ன கேட்டது தெரியுமா? இங்கே பல வீடுகளுக்கு அடிமனை நகரத்துடையது, வருஷ வாடகை கட்ட வேண்டும். அவர்கள் முகாமில் இருந்த காலத்துக்கும், அவர்கள் வீட்டில் வேறு யாரோ குடியிருந்த காலத்துக்கும் சேர்த்து அடிமனை வாடகை பாக்கி என்று சீட்டு அனுப்பினார்கள். தாமதமாகக் கட்டியதற்கு அபராதம் வேறு. 1947இல் இலச்சினையில் 'இரக்கம்' என்று எழுதிக்கொண்டிருந்த அதே சமயத்தில்தான் இந்தச் சீட்டும் போய்க்கொண்டிருந்தது.

#16 கரையோரக்காரி

மறுக்கவில்லை. அது நடந்தது. பழைய கோப்புகளைக் கணினியில் ஏற்றும்போதுதான் வெளியே வந்தது, பிறகு நகரம் இழப்பீடு ஒதுக்கியது. டிராம் விஷயமும் அப்படியே. 1941இல் வேலைநிறுத்தம் செய்த அதே டிராம்கள்தான் பின்னால் யூதர்களை ரயில் நிலையத்துக்கு ஏற்றிப் போயின, அதற்குக் கட்டணமும் வாங்கப்பட்டது. 2025 ஏப்ரலில் மேயர் ஃபெம்கே ஹால்செமா நகரத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்டார்.

ஆனால் ஒன்று சொல்கிறேன் சாமி. அந்த வாசகம் மாநகராட்சிக்குக் கொடுத்தது இல்லை, ஊர் மக்களுக்குக் கொடுத்தது. டிராமை வெளியே எடுக்காதவனும், பின்னால் சீட்டு எழுதிய குமாஸ்தாவும் ஒரே இலச்சினைக்குக் கீழேதான் சம்பளம் வாங்கினார்கள், அது உண்மை. அதற்காக முதல் ஆளிடமிருந்து அந்தச் சொல்லைப் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை.

#17 ஏன்சாமி

பிடுங்கச் சொல்லவில்லை. மாநகராட்சிக் கடிதத் தலைப்பில் அந்த மூன்று சிவப்புச் சிலுவையைப் பார்க்கும்போது எனக்கு அந்தச் சீட்டு நினைவுக்கு வருகிறது, அவ்வளவுதான். அதே குறிதான் அந்தச் சீட்டிலும் இருந்திருக்கும்.

#18 உட்ரெக்ட்வாசி

இந்த இழை இவ்வளவு தூரம் வரும் என்று நினைக்கவில்லை. ஒரே ஒரு சேர்க்கை: கொடி. சிவப்பு, கறுப்பு, சிவப்புப் பட்டைகளும் நடுவில் மூன்று சிலுவையும் கொண்ட கொடியை எல்லோரும் நூற்றாண்டுப் பழசு என்று நினைக்கிறார்கள். முறைப்படி ஏற்றுக்கொண்டது 1975இல்தான். கேடயத்தைப் படுக்க வைத்தது மாதிரி இருக்கும்.

#19 சைக்கிள்காரன்

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை மழை விட்டதும் கிளம்பினேன். டாம் சதுக்கத்தில் அண்ணாந்து பார்த்துக் கப்பலைக் கண்டுபிடித்தேன். நான் பார்ப்பதைப் பார்த்து இரண்டு பேர் அவர்களும் அண்ணாந்து பார்த்தார்கள். வெஸ்டர்கெர்க் மகுடம் நீலம்தான், சாட்சி சொல்கிறேன்.

அப்புறம் துறைமுகத் தொழிலாளி. சிலையின் காலடியில் யாரோ வைத்த பூ, நனைந்து காகிதத்தோடு ஒட்டிக்கிடந்தது. சைக்கிளை நிறுத்த இடம் தேடியதில் கொஞ்சம் தள்ளி ஒரு குட்டித் தூண் கிடைத்தது. வண்ணம் உரிந்து, நடுச் சிலுவையில் பாதிதான் மிச்சம். அதில்தான் சங்கிலி போட்டுப் பூட்டினேன்.

நாளை அலுவலகத்தில் அந்த 'மூன்று ஆபத்து' ஆளிடம் ஆம்ஸ்டெல்வேனைப் பற்றிக் கேட்கப் போகிறேன். அவர் வீடு அங்கேதான்.